ஊசலை ஆட வைப்பது பற்றி நண்பனுக்கு

அன்புள்ள முத்துக்குமரனுக்கு,

நலம், நலமறிய அவா. மாறுதல் கிடைத்துச் சொந்த ஊர்ப் பள்ளிக்கே நீ வந்துவிட்டதையும், மறுபடி பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கே அச்சகத்தில் முகூர்த்த மாதங்களின் அழைப்பிதழ் வேலை ஓய்ந்துவிட்டதால், உன் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத முடிகிறது. அலைவுகள் பாடத்துக்காகத் தனி ஊசல் ஆடும் படம் ஒன்றை நீயே செய்ய வேண்டும் என்றும், மென்பொருளுக்குச் செலவழிக்க வழியில்லை என்றும் எழுதியிருந்தாய். கிம்ப் என்னும் பட வரைவு மென்பொருளே போதும். 1995இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் தொடங்கியது அது. இன்றும் தன்னார்வலர்களே அதை வளர்த்து வருகிறார்கள், யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

அதில் ஒரு படம் பல லேயர்களால் ஆனது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல அவை கிடக்கும். ஜிஃப் என்னும் அசையும் படக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது அதே அடுக்கு, ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் படங்களின், அதாவது ஃபிரேம்களின், வரிசையாகிவிடுகிறது. அடியில் உள்ள லேயர்தான் முதல் ஃபிரேம். புதியவர்கள் பலர் மேலிருந்து எண்ணத் தொடங்கித் தம் படம் பின்னோக்கி ஓடுவதைக் கண்டு திகைப்பார்கள்.

மென்பொருளைவிட உன் இயற்பியலுக்குத்தான் இதில் வேலை அதிகம் என்பேன். வலக்கோடி 20 பாகையிலிருந்து இடக்கோடி வரை சம இடைவெளியில் ஊசலை நகர்த்திப் படங்கள் வரைந்தால், அது ஆடும், ஆனால் பார்ப்பவர் எவருக்கும் அது ஊசலாகத் தோன்றாது. ஏதோ இயந்திரத்தில் மாட்டிய கம்பியாகத் தோன்றும். கோடியில் தயங்கி, நடுவில் விரைந்து கடப்பதுதானே ஊசலின் இயல்பு? ஆகவே கோணங்களைக் கொசைனைக் கொண்டு கணக்கிட்டுக்கொள். ஒரு முழு அலைவை 360 பாகையாகக் கொண்டு 20 ஃபிரேம்களாகப் பிரித்தால், ஃபிரேமுக்கு 18 பாகை கட்டம் கூடும்; அந்தக் கட்டத்தின் கொசைனை 20ஆல் பெருக்கு. அதன்படி ஊசலின் கோணங்கள் 20, 19, 16.2, 11.8, 6.2, 0 என்று இறங்கி, மறுபுறம் அதே எண்கள் எதிர்க்குறியுடன் வரும். முதல் தாவல் ஒரு பாகை, நடுவை நெருங்கும் தாவல் ஆறு பாகைக்கும் மேல்: அந்த வேறுபாடுதான் படத்துக்கு உயிர். ஒவ்வொரு ஃபிரேமும் 100 மில்லிசெகண்ட் நின்றால் மொத்தம் 2 செகண்ட், அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டர் ஊசலின் அலைவு நேரம். அலைவு நேர வாய்பாடு சிறிய கோணங்களுக்குத்தானே, 20 பாகை வீச்சு சிறிய கோணம் அல்லவே என்று நீ கேட்பாய். அலைவு நேரத்தில் வரும் பிழை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான், வகுப்புக்குப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனிச் செய்முறை. 400க்கு 400 பிக்சலில் படம் ஒன்றைத் திறந்து, வெள்ளைப் பின்னணியில் மேல் தாங்கியை வரை. ஒளிபுகும் தனி லேயரில் நூலையும் குண்டையும் நேர்செங்குத்தாக வரை. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் நேர்கோடு கிடைக்கும். அந்த லேயருக்குப் பத்துப் பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றையும் ரொட்டேட் கருவியால் அதற்குரிய கோணத்துக்குத் திருப்பு. திருப்பும் மையமாக நூல் கட்டிய புள்ளியின் ஆயங்களை ஒவ்வொரு முறையும் எண்ணாகவே தட்டச்சிடு. கையால் இழுத்து வைத்தால் தொங்கும் புள்ளியே நடுங்கும். கிளிப்பிங் என்ற இடத்தில் கிளிப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் லேயரின் அளவு மாறாது. ஏற்கெனவே திருப்பியதையே மேலும் திருப்பாமல், எப்போதும் செங்குத்தான மூலத்தின் பிரதியையே திருப்புவது நல்லது, ஏனெனில் ஒவ்வொரு திருப்பத்திலும் கோட்டின் விளிம்பு சற்று மங்கும்.

பலரும் தடுமாறும் இடம் அடுத்து வருகிறது. லேயர் பெயரின் இறுதியில், ஃபிரேம் நிற்கும் நேரத்தைச் சொல்லும் (100ms) என்பதுடன் (combine) என்று சேர்த்தால் புதிய ஃபிரேம் பழையதன் மேலேயே படியும், ஊசல் ஒரு விசிறியாக விரிந்துவிடும். (Replace) என்று சேர்த்தால் பழையது மறையும், ஆனால் அதனுடன் பின்னணியும் மறையும். ஆகவே பின்னணிக்கும் அத்தனை பிரதிகள் எடுத்து, ஒவ்வோர் ஊசலுக்கும் அடியில் ஒன்றை வைத்து, மெர்ஜ் டவுன் என்ற கட்டளையால் இரண்டையும் இணைத்துவிடு. இதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஜிஃபில் பாதி ஒளிபுகும் பிக்சல் என்பதே கிடையாது, எனவே பின்னணியோடு இணைக்காத கோட்டின் விளிம்பு பிசிறு தட்டும். திரும்பும் பயணத்துக்கு நடுவிலுள்ள ஒன்பது படங்களின் பிரதிகளைத் தலைகீழ் வரிசையில் மேலே அடுக்கு. கோடிகளில் உள்ள இரு படங்களைப் பிரதி எடுக்காதே; எடுத்தால் ஊசல் அங்கே ஒரு கணம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஃபில்டர்ஸ் மெனுவின் அனிமேஷன் பகுதியில் பிளேபேக் இருக்கிறது. முதலில் அதில் ஓட்டிப் பார். பிறகு அங்கேயே உள்ள ஆப்டிமைஸ், மாறிய பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு கோப்பைச் சிறிதாக்கும். சேவ் என்றால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பு மட்டுமே கிடைக்கும். எக்ஸ்போர்ட் ஆஸ் சென்று, பெயரின் இறுதியில் .gif என்று எழுதி, அனிமேஷனாகச் சேமிக்கவும் முடிவின்றிச் சுழலவும் உரிய கட்டங்களைக் குறியிடு. ஜிஃபுக்கு ஒரு ஃபிரேமில் 256 நிறங்களே உண்டு. 1987இல் கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட வடிவம் அல்லவா, அந்தக் காலத்துக்கு அதுவே தாராளம். பின்னணியாகப் புகைப்படம் வைக்கும் ஆசை வந்தால் விட்டுவிடு, நிறங்கள் திட்டுத்திட்டாகிவிடும். வேகம் போதவில்லை என்று இடைவெளியை 10 மில்லிசெகண்டாகக் குறைப்பதும் வீண். உலாவிகள் அதைப் பொருட்படுத்தாமல் 100 மில்லிசெகண்டாகவே ஓட்டும்.

முடித்ததும் எனக்கு அனுப்பு. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் வீடியோவாக மாறிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பு. ஜிஃபுடன், ஊசல்களைப் பின்னணியோடு இணைப்பதற்கு முன் சேமித்த எக்ஸ்சிஎஃப் கோப்பையும் வை. கோணம் எதுவும் தவறியிருந்தால் அதிலிருந்துதான் திருத்த முடியும். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
இளங்கோ