ஆடியதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

களுவாஞ்சிக்குடி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கையால் எழுதி முத்திரை ஒட்டி அனுப்புகிற ஆள் நீ ஒருவன்தான் மிச்சம். தபால்காரர் படலையில் நின்று "லண்டன் கடிதம்" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிப்போட்டுப் போனார். இங்கே எல்லாரும் சுகம். மகளுக்கு இரண்டாவதும் பெடியன். பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்தது. கடைசி நேரத்து மழையில் கொஞ்சம் பழுதானாலும் சாப்பாட்டு நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. உன் அக்காவைச் சந்தையில் கண்டேன். உன்னைப் பற்றித்தான் முறைப்பாடு, அதை நேரில் அவவிடமே கேட்டுக்கொள்.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு படிப்பிக்கிற ஒரு பெண் மேடையில் ஆடிய ஆட்டத்தை ஆய்வு என்று கணக்கில் எடுத்தார்களாம், இரசாயனக்காரனான உனக்கு அது செரிக்கவில்லையாம், "எங்கட பக்கத்தில் இப்படி நடக்குமா" என்று எழுதியிருந்தாய். மச்சான், எங்கட பக்கத்தில் அது நீயும் நானும் பிறக்க முன்னமே நடந்தது. காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலாநந்தரை மறந்துபோனாயா? அவரும் உன்னைப் போல் இரசாயனம் படிப்பித்தவர்தான், யாழ்ப்பாணத்து சம்பத்திரிசியார் கல்லூரியில். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். அந்த விஞ்ஞானப் பட்டதாரி சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கையிலெடுத்து, நரம்பின் நீளம், சுருதியின் கணக்கு என்று எண்களால் அலசி, மறைந்துபோன யாழின் வடிவத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தார். 1947-இல் அந்த ஆராய்ச்சியை எழுதிய யாழ் நூல் அரங்கேறியபோது, அவர் ஆராய்ந்து வரைந்த யாழ்களைச் செய்வித்து வாசித்தும் காட்டினார்கள். அடுத்த மாதம் அவர் காலமானார்.

அந்த நூலை எந்தத் துறையில் வைப்பாய்? பௌதிகம், தமிழ், இசை, கருவி செய்கிற தச்சு வேலை, நாலும் அதற்குள் கிடக்கிறது. நூலகத்தில் அது இசை இலக்கத்தில்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கருவியைச் செய்து காதால் கேட்காமல் கணக்குச் சரியா பிழையா என்று அவர் எப்படி அறிவார்? உன் ஆய்வுகூடத்தில் நீ சோதனைக்குழாயைத் தூக்குவதும் அதற்குத்தானே.

நான் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்த காலத்தில் ஆண்டறிக்கைக்காக விரிவுரையாளர்களின் ஆய்வு விபரம் திரட்டுகிற வேலை என் தலையில்தான் விழும். மேலிடத்துப் படிவம் ஒன்று வரும்: சஞ்சிகைக் கட்டுரை, நூல், மாநாட்டுக் கட்டுரை, ஏனையவை. நெல்லையும் மீனையும் ஒரே சாக்கில் கட்டுகிற வேலை அது. விவசாய பீடத்துப் பட்டியல் சிக்கலில்லாமல் வரும். கடற்கரைப் பக்கத்து மணல் மண்ணில் கச்சானுக்கும் பயறுக்கும் எவ்வளவு தண்ணீர், என்ன பசளை, எந்த இனம் வரட்சியைத் தாங்கும் என்று வருஷா வருஷம் பரிசோதிப்பார்கள். பாத்தி கட்டி, அளந்து, திரும்பவும் செய்து பார்த்து எழுதுவதால் அந்த வேலை கட்டத்துக்குள் நேராக இறங்கிவிடும். மருத்துவத்தாரின் நீரிழிவு, டெங்குக் கட்டுரைகளும் அப்படித்தான். சிக்கல் தொடங்குவது மற்றப் பக்கத்தில்.

ஒலுவிலை எடு. அங்கே 1996-இல் தரமுயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய கற்கைகளுக்கும் அறபு மொழிக்கும் தனிப் பீடமே இருக்கிறது. ஒருவர் தமிழை அறபு எழுத்தில் எழுதிய பழைய அறபுத்தமிழ் ஏடு ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்துப் பதிப்பிப்பார். பக்கத்துக் கட்டடத்தில் இன்னொருவர் செய்மதிப் படங்களை அடுக்கி வைத்து, 2013-இல் திறந்த துறைமுகத்துக்கு வடக்கே கரை எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்று அளப்பார். கரையை அளப்பவருக்கு நிந்தவூர் மீனவரின் ஞாபகமும் வேண்டும். எந்த இடத்தில் தோணி இழுத்து வைத்தோம், எந்த வரிசைத் தென்னை முதலில் விழுந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஏட்டைப் பதிப்பிப்பவருக்கு ஒரு சொல்லுக்கே ஒரு மாதம் போகும். இரண்டையும் ஒரே எண்ணால் அளந்தால் ஏட்டுக்காரர் சோம்பேறியாகத் தெரிவார்.

இன்னொரு பக்கம் நுஃமான். கல்முனைக்குடிக்காரர், பேராதனையில் பேராசிரியராக இருந்தவர். மொழியியல் ஆய்வு, பள்ளிப் பிள்ளைக்கும் விளங்குகிற தமிழ் இலக்கணம், பலஸ்தீனக் கவிதை மொழிபெயர்ப்பு, சொந்தக் கவிதை எல்லாம் ஒரே கையால் வந்தவை. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததற்கு அவர் எழுதிய கவிதையை நூலகக்காரனான நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். படிவத்தில் இலக்கணம் இரண்டாம் கட்டத்தில் போகும், கவிதை "ஏனையவை". கவிதையை ஆய்வு என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் சொல்லின் எடை தெரியாதவன் அந்த மொழிபெயர்ப்பைச் செய்திருக்க முடியாது, மொழியியல் படித்தது அதற்குள் வேலை செய்கிறது.

உன் கேள்விக்கு நேரான பதில் கூத்தில் இருக்கிறது. கதை உனக்குப் பாதி தெரியும். அறுபதுகளில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். 1962-இல் கர்ணன் போர், 1964-இல் இராவணேசன். ஊரில் சுற்றிவர இருந்து பார்க்கிற வட்டக்களரியில் விடிய விடிய ஆடுவதைச் சில மணித்தியாலத்துக்குள் சுருக்கி, ஒரு பக்கம் திறந்த மேடைக்கு ஏற்றார். இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு. அவர் மறுகா மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து கலாநிதியானார், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியரானார், இராவணேசனைத் தானே திரும்பவும் மேடையேற்றினார். கூத்தின் இரண்டு பாணிகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டத்தில் என்ன வித்தியாசம் என்பதைக் காலால் ஆடிப் பார்த்தவர் எழுதுகிறபோது எழுத்தின் தரம் வேறு. பாத்திரம் களரிக்குள் வருகிறபோது ஆடுகிற வரவுத் தாளம் எங்கே இறுகும், எங்கே தளரும் என்று வெளியே நின்று பார்த்தவனுக்குப் பிடிபடாது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த சி. ஜெயசங்கர் வேறு வழி போனார். கூத்தை நகரத்து மேடைக்குச் செம்மைப்படுத்துவது என்ற அந்த எண்ணத்தையே கேள்வி கேட்டார். கூத்து ஊராருடையது, மாற்றுவதென்றால் ஊருக்குள் இருந்து, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரோடும் ஆடுகிறவர்களோடும் பேசிப் பேசி மாற்றவேண்டும் என்பது அவர் நிலை. மட்டக்களப்புச் சீலாமுனையில் அப்படித்தான் கூத்து மீளுருவாக்கம் நடந்தது. பழைய கூத்துக் கொப்பியில் சாதியையும் பெண்ணையும் பற்றி வருகிற வரிகளை என்ன செய்வது என்பதும் அங்கே பேசப்பட்டது. விரிவுரையாளர் கேள்விக்கொத்தோடு போய்த் தரவு அள்ளிக்கொண்டு வரவில்லை. ஆடுகிறவர்களுக்குப் பாத்திரம் பிரித்துச் சட்டம் கொடுக்கிற நாளிலிருந்து சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்கிற ஒத்திகை, அரங்கேற்றம் வரை கூடவே இருக்கவேண்டிய வேலை அது.

இந்த இரண்டு வழியும் மோதுகிறபோது நடக்கிற விவாதம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆய்வு. கட்டுரையில் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் களரியில் பதில் சொல்கிறார். களரியில் கண்டதைப் பிறகு இன்னொருவர் எழுத்தில் மறுக்கிறார். எந்தப் பக்கம் சரி என்று என்னைக் கேட்காதே. சுருக்கின இராவணேசனையும் விரும்பிப் பார்த்தேன், பனியில் சால்வையைப் போர்த்துக்கொண்டு விடியும்வரை ஊர்க் கூத்தும் பார்ப்பேன்.

உங்கட லண்டனில் றோயல் கலைக் கல்லூரியில் இருந்த கிறிஸ்டோபர் ஃப்ரெய்லிங் 1993-இல் மூன்று வகை பிரித்தார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியான ஆய்வு, கலைக்கான ஆய்வு. கூத்தின் வரலாற்றை எழுதுவது முதலாவது. ஆடிப் பார்த்துக் கண்டுபிடிப்பது இரண்டாவது. மூன்றாவதில்தான் எனக்கும் உனக்கும் ஒரே சந்தேகம் வரும். ஒரு நாடகத்துக்காக நாலு புத்தகம் வாசித்தால் அது ஆய்வாகுமா? என் கணிப்பில் ஆகாது. ஒரு கேள்வி உள்ளே போகவேண்டும், அடுத்தவன் எடுத்து மேலே கொண்டுபோகக்கூடிய ஏதாவது வெளியே வரவேண்டும். நல்ல ஆட்டம் எல்லாம் ஆய்வல்ல. நல்லதாக இருந்தால் அது போதாதா, ஏன் அதற்கு ஆய்வு என்று பட்டம் கட்டவேண்டும்? பட்டம் கட்டாவிட்டால் புள்ளி இல்லை, புள்ளி இல்லாவிட்டால் பதவி உயர்வு இல்லை. அதனால் எல்லாரும் பட்டம் தேடுகிறார்கள். எங்கட பேராசிரியர் பதவி உயர்வுத் திட்டத்திலும் ஆய்வோடு படைப்பாக்கத்துக்கும் இடம் இருக்கிறது. இடம் இருப்பது ஒன்று, புள்ளி போடுகிறவருக்கு மத்தளத்தின் சொற்கட்டு விளங்குவது இன்னொன்று.

பல்கலைக்கழகங்களின் ஆய்வைத் தரம் பார்த்த உங்கட 2021 மதிப்பீட்டில் ஆட்டத்தையோ கண்காட்சியையோ கொடுப்பவர், ஆய்வு எங்கே இருக்கிறதென்பது அதிலேயே தெரியாவிட்டால், 300 சொல்லுக்குள் விளக்கம் எழுத விட்டார்களாமே. அது எனக்குப் பிடித்திருக்கிறது. என்ன கேட்டேன், எப்படித் தேடினேன், என்ன கண்டேன் என்று நேர்மையாக எழுத 300 சொல் தாராளம். சரக்கு இல்லாதவன் அதற்குள் மாட்டிக்கொள்வான்.

ஆனால் அந்தக் கட்டமும் மூடிவிடுகிற ஒரு விஷயம் உண்டு. விரிவுரையாளரின் பெயர் மேலே வருகிறது. அவருக்குத் தாளம் சொல்லிக்கொடுத்த அண்ணாவியாரின் பெயர் நன்றியுரையில் போகிறது, சில வேளை அதிலும் இல்லை. ஐம்பது வருஷம் கொப்பியை மனப்பாடமாக வைத்திருந்தவர், இந்த விருத்தம் இப்படி வராது என்று திருத்தியவர், அவர் தகவல் தந்தவர் மட்டும்தானா? களுவன்கேணிப் பக்கத்துக் கரையோர வேடரின் சடங்கைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இதே கேள்விதான். என் கையில் விட்டால் படிவத்தில் "கூட அறிந்தவர்கள்" என்று ஒரு கட்டம் போட்டிருப்பேன். அதற்குள் வாவிக்கு மேற்கே படுவான்கரை வெள்ளாமைக்காரனும் வரலாம். மணலிலும் உவரிலும் எது முளைக்கும் என்று அவன் சொன்னதுதான் பல பரிசோதனைக்குத் தொடக்கம். கட்டுரை இங்கிலிசில் வெளிவருவதால் அவனுக்கு அது திரும்பிப் போய்ச் சேருவதில்லை. தமிழில் இரண்டு பக்கம் துண்டுப்பிரசுரமாகப் போட்டால் அதற்குப் புள்ளி குறைவு. இதில் எனக்குக் கோபமே உண்டு.

உன்னிடம் ஒரு உதவி. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, புதிதாக விரிவுரையாளராகச் சேர்ந்தது, கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் அம்மனைக் குளிரப்பண்ணப் பாடுகிற குளிர்த்திப் பாடலை ஊர் ஊராகப் பதிவு செய்கிறது. பதிவோடு நிற்கவில்லை, ஊர்ப் பெரியவர்களிடம் பாடவும் பழகுகிறது. ஊருக்கு ஊர் மெட்டு மாறுவது பாடிப் பார்த்தால்தான் தொண்டையில் பிடிபடுகிறதாம். இதை எப்படி எழுதிக் கொடுப்பது என்று என்னிடம் வந்து கேட்டது. உன் கல்லூரிப் பெண் எழுதிய அந்த விளக்கம் ஒன்று கிடைத்தால், அவ சம்மதித்தால், பெயரை மறைத்து அனுப்பு. நான் தமிழில் ஆக்கிக் கொடுக்கிறேன். நீயும் உன் பங்குக்கு, ஏன் அது உனக்கு ஆய்வாகத் தெரியவில்லை என்று எழுதி அனுப்பு. அந்தப் பிள்ளைக்கு ஒத்துப்போகிற ஆளை விட மறுத்துக் கேட்கிற ஆள்தான் இப்போது தேவை. 300 சொல்லுக்குள் நில், கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, ஒப்பரேஷன் முடியும் வரை நீளமாக வாசிக்க ஏலாது.

அன்புடன்,
உன் மச்சான்