அக்ராவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

பெண்ணியம் வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்த சரக்கு, ஆப்பிரிக்காவுக்கு ஒட்டாது என்று உன் அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொன்னதாகவும், சட்டென்று பதில் வரவில்லை என்றும் போனில் சொன்னாய். நீ இருக்கும் கானாவிலேயே அதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டுப் போன ஒருவர் இருக்கிறார். அமா அட்டா ஐடூ. கல்லூரியில் நான் ஆசையாகப் பாடம் நடத்திய எழுத்தாளர். நீ சனிக்கிழமை கேப் கோஸ்ட் கடற்கரையில் இருக்கும் பழைய அடிமைக் கோட்டையைப் பார்க்கப் போவதாகச் சொன்னதால் இதை இப்போதே எழுதுகிறேன்.

போகிற வழியில் சால்ட்பாண்ட் வரும். அதற்குப் பக்கத்தில் ஃபான்டி இன மக்கள் வாழும் ஒரு கிராமத்தில் 1942இல் பிறந்தவர். அப்பா ஊர்த் தலைவர், அந்த ஊருக்கு முதல் பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்தவர். ஃபான்டிகளுக்கு வம்சம் தாய்வழியில்தான். சந்தையில் கடை போட்டுக் குடும்பம் நடத்தும் பெண்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பெண்ணால் முடியும் என்பதை ஐரோப்பாவிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதை அவரே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஆப்பிரிக்க மண்ணும் செல்வமும் ஆப்பிரிக்கர்கள் கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள், ஆணோ பெண்ணோ, பெண்ணியவாதியாகவும் இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். இரண்டும் அவருக்கு ஒரே வழக்கு.

அக்ராவின் லெகோனில் உள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே எழுதிய முதல் நாடகம் 1964இல் மேடையேறி, மறு வருஷம் புத்தகமாக வந்தது. ஆனால் நீ முதலில் படிக்க வேண்டியது 1970இல் வந்த 'அனோவா' நாடகம். அம்மா சொல்லக் கேட்ட பழங்கதையிலிருந்து எடுத்தது. பெற்றவர்கள் பேச்சைக் கேட்காமல் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போகிறாள் அனோவா. இருவரும் சேர்ந்து பாடுபட்டு வியாபாரம் பெருகுகிறது. பெருகியதும் கணவன் அடிமைகளை விலைக்கு வாங்குகிறான். அவள் கூடாது என்கிறாள். நீ உட்கார்ந்து சாப்பிடு என்கிறான் அவன். அந்தப் பெரிய வீட்டில் வேலையும் இல்லாமல், பேச்சுக்கு மதிப்பும் இல்லாமல் அவள் அலைகிறாள். கடைசியில் இருவருமே உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள்.

நாடகத்தில் ஓர் இடம் வரும். சின்ன வயதில் அனோவா பாட்டியிடம் கேட்கிறாள்: கடற்கரையில் நிற்கும் அந்தப் பெரிய வீடுகளை யார் கட்டினார்கள், எதற்கு? நம் ஆட்களே நம் ஆட்களை விற்றார்களா? பாட்டி அதட்டி அவள் வாயை அடைக்கிறாள். அன்று இரவு அவளுக்குப் பயங்கரமான கனவு. தன் உடம்பிலிருந்தே ஆணும் பெண்ணும் குழந்தைகளும் வெளியே கொட்டுகிறார்கள், கொதிக்கிற கடலிலிருந்து வந்தவை அவர்களைக் கிழித்துப் போடுகின்றன. நீ பார்க்கப் போகும் கோட்டை அந்தப் 'பெரிய வீடு'களில் ஒன்று. அடிமை வியாபாரத்தில் வெள்ளைக்காரன் பங்கைச் சொல்வது அப்போது எல்லோருக்கும் எளிது. சொந்த ஆட்களின் பங்கை, அதுவும் சுதந்திரம் வந்து 13 வருஷமே ஆன நாட்டில், ஓர் இளம்பெண் மேடையில் சொல்வதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். அனோவாவின் முடிவை, பெற்றவர் பேச்சை மீறிப்போன மகளுக்குக் கிடைத்த தண்டனை என்று படிப்பவர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பாது. அடிமையை வாங்குகிற கையும் மனைவியை மூலையில் உட்கார வைக்கிற கையும் ஒரே கை என்பதைத்தான் ஐடூ காட்டுகிறார்.

அப்புறம் கேப் கோஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. 1982இல் கானாவை ஆண்ட ராலிங்ஸ் அரசில் கல்வி அமைச்சர் பொறுப்பு தேடி வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி என்ற எண்ணத்தோடு போனார். அது நடக்காது என்று தெரிந்ததும், ஏறக்குறைய 18 மாதத்தில் பதவியை விட்டுவிட்டார். 1983இல் மகளோடு ஜிம்பாப்வே போனவர், அங்கே கல்வி அமைச்சகத்தின் பாடத்திட்டப் பிரிவில் வேலை பார்த்தார். அமைச்சர் நாற்காலியில் இருந்தவர் பாடப் புத்தகம் தயாரிக்கிற மேஜையில் போய் உட்கார்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

1991இல் 'சேஞ்சஸ்' நாவல். இவ்வளவு பிரச்சினைகள் இருக்கும்போது அக்ராவின் காதலர்களைப் பற்றி என்னால் எழுத முடியாது என்று சொல்லியிருந்தவர், அப்படிச் சொன்னதை வாசகர்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டு அதையே எழுதினார். புள்ளியியல் படித்த எஸி, தன்னைப் பலவந்தப்படுத்திய கணவனை விட்டு வருகிறாள். பிறகு வேறொருவனை விரும்பி, அவனுக்கு இரண்டாம் மனைவியாகிறாள். அவன் வருவது குறைந்துகொண்டே போகிறது. எஸிக்குப் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. அந்த நேர்மைக்காகவே எனக்கு இந்த நாவல் பிடிக்கும்.

இதிலும் ஒரு பாட்டி உண்டு. 'அனோவா'வில் பாட்டி வாயை அடைத்தாள் இல்லையா, இங்கே பாட்டி வாயைத் திறக்கிறாள். ஆண்கள்தான் முதல் தெய்வங்கள், பலி கேட்கிற தெய்வங்கள் என்று பேத்தியிடம் வெளிப்படையாகச் சொல்கிறாள். இது மாறவே மாறாதா என்றால், மாறும், ஆனால் லேசில் மாறாது என்கிறாள். படிப்பறிவில்லாத கிராமத்துக் கிழவியின் வாயில் ஐடூ இதை வைத்திருக்கிறார். உன் அலுவலகத்துக்காரருக்கு வேறு பதில் எதற்கு?

அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் சில வருஷம் பாடம் நடத்தினார். 2000இல் அக்ராவில் பெண் எழுத்தாளர்களுக்காக ம்பாசெம் என்ற அமைப்பைத் தொடங்கினார். 2023 மே 31 அன்று காலமானார். கானா அரசு மரியாதையோடு அவரை வழியனுப்பியது.

சனிக்கிழமைக்குள் 'நோ ஸ்வீட்னஸ் ஹியர்' சிறுகதைத் தொகுப்பு கிடைத்தால் வாங்கு. அதில் 'தி மெசேஜ்' என்று ஒரு கதை. பேத்திக்கு வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்தார்கள் என்று கேள்விப்பட்ட கிராமத்துப் பாட்டி, பிணத்தையாவது வாங்கி வருவோம் என்று புலம்பிக்கொண்டே கேப் கோஸ்ட் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறுகிறாள். அங்கே போனால் பேத்தி உயிரோடு இருக்கிறாள். கதை முழுக்க ஊர்க்காரர்களின் பேச்சுதான், வேகமாகப் படித்துவிடலாம். வண்டியிலேயே படி. ஊர் திரும்பியதும் போன் பண்ணு, கோட்டையைப் பற்றியும் கதையைப் பற்றியும் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா