கடைக்கு உண்டு, சைட்டுக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளம்பிங் ஒப்பந்தக்காரர்கள் பலர் 'பேக்கேஜ் பாலிசி' ஒன்றை எடுத்து ஃபைலில் போட்டுவிட்டு, தொழில் முழுவதற்கும் காப்பீடு இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது கடைக்காரர்களுக்கென்று தயாரான ஷாப்கீப்பர் பாலிசி. தீ, வெள்ளம், திருட்டு, கல்லாப் பணம், பொதுப் பொறுப்பு (நம்மால் அடுத்தவருக்கு நேரும் சேதம்), தொழிலாளர் இழப்பீடு என்று பிரிவு பிரிவாக இருக்கும். எந்தப் பிரிவுக்குப் பிரீமியம் கட்டினோமோ அது மட்டும்தான் செல்லும். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட முகவர்கள் முதலில் கைவைப்பது கடைசி இரண்டு பிரிவில். பிளம்பருக்குப் பெரிய நஷ்டம் வருவதும் அந்த இரண்டில்தான்.

ஓர் உதாரணம்: மூன்றாவது மாடிக் குளியலறை. சிபிவிசி (பிளாஸ்டிக் குழாய்) லைனில் பித்தளை மரை வைத்த எல்போவை, அதாவது வளைவு இணைப்பை, அளவுக்கு மேல் முறுக்கியதில் மெல்லிய விரிசல். வேலையை ஒப்படைத்து இரண்டு மாதம் கழித்து வீட்டுக்காரர் பிரஷர் பம்ப் மாட்டுகிறார், எல்போ பிளக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் இரவெல்லாம் தண்ணீர் இறங்கி, கீழ்வீட்டு ஃபால்ஸ் சீலிங், மர அலமாரி, டிவி எல்லாம் நாசம். 'குழாய் வெடித்து நீர் வழிதல்' என்று பாலிசியில் இருக்கிறதே என்பார்கள். அந்த வரி தீ விபத்துப் பிரிவில் இருப்பது; பாலிசியில் முகவரி எழுதிய உங்கள் கடைக்கும் குடோனுக்கும் வரும் சேதத்துக்கு மட்டுமே அது பொருந்தும்.

அடுத்தவர் சொத்துக்குப் பொதுப் பொறுப்புப் பிரிவைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஷாப்கீப்பர் பாலிசிகள் பலவற்றில் 'காப்பீடு செய்த இடத்தில் நேரும் விபத்து' என்றே இருக்கும். கடைக்கு வந்த வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் பணம் வரும், சைட்டில் நடந்தால் வராது. ஆகவே வெளியிடங்களில் செய்யும் வேலைக்கும், ஒப்படைத்தபின் அந்த வேலையால் வரும் சேதத்துக்கும் பொறுப்பு உண்டு என்று ஷெட்யூலில் (பாலிசியோடு வரும் விவரப் பட்டியல்) எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பேக்கேஜில் தர மறுத்தால், தொழிலால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கான கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி பாலிசியைத் தனியாக எடுப்பதே சரி. 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் பாலிசி வேறு. அது அபாயகரமான ரசாயனம் கையாளும் ஆலைகளுக்கானது. பெயரைப் பார்த்து அதை வாங்கி ஏமாற வேண்டாம்.

எந்தப் பாலிசி எடுத்தாலும், பிளந்த எல்போவை மாற்றுவது, டைல்ஸ் உடைத்து லைனை மறுபடி போடுவது ஆகிய செலவுகளைப் பொதுவாகத் தரமாட்டார்கள். சொந்த வேலையின் குறையைச் சரிசெய்வது ஒப்பந்தக்காரர் பாடு. மாதக்கணக்கில் கசிந்து சுவர் ஊறியதற்கும் பெரும்பாலும் கிடையாது. திடீர் விபத்தாக இருக்க வேண்டும்.

பொறுப்புப் பாலிசிகள் பல, பாலிசி காலத்துக்குள் கோரிக்கை வந்தால் மட்டுமே செல்லும். வேலை செய்த ஆண்டில் பாலிசி இருந்தது என்பது போதாது. இடைவிடாமல் புதுப்பித்தால் பழைய வேலைகளுக்கான பாதுகாப்புத் தொடக்கத் தேதி அப்படியே நிற்கும். ஒரு மாதம் விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால் அந்தத் தேதி போய்விடும், அதற்கு முன் போட்ட லைன்கள் அத்தனையும் அம்போ.

தொழிலாளர் இழப்பீட்டுக்கு வருவோம். வேலையில் இறந்தவருக்கு மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்குவார்கள். 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இந்த முறை 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பு ரூ.15,000, முப்பது வயதுக்குக் காரணி 207.98 என்றால் 7,500 × 207.98 = ரூ.15,59,850. சாரத்திலிருந்தோ குழாய்கள் இறங்கும் டக்ட்டுக்குள்ளோ ஓர் ஆள் விழுந்தால் இதுதான் கணக்கு. ஆறு பேர் வேலை செய்யும் இடத்தில் இரண்டு பேர் என்று எழுதி மிச்சப்படுத்தும் பிரீமியம் இதன் முன் எந்த மூலைக்கு? ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால் பெயர் குறிப்பிடாமல் எண்ணிக்கை, வேலை வகை, மொத்தச் சம்பளம் காட்டி எடுக்கலாம். மருத்துவச் செலவு, துணை ஒப்பந்த ஆட்கள் இரண்டையும் கூடுதலாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இழப்பீட்டைத் தரத் தாமதித்தால் ஏறும் 12 சதவீத வட்டியும் அபராதமும் வழக்கமாகப் பாலிசிக்குள் வராது. இஎஸ்ஐ-யில் பதிவான ஆட்களுக்கு இது தேவையில்லை.

மரை போடும் மெஷின், கோர் கட்டர், பிரேக்கர் போன்றவை கடையை விட்டு வெளியே போனதுமே திருட்டுப் பிரிவிலிருந்தும் வெளியே போய்விடும். அவற்றை வரிசை எண்ணோடு 'ஆல் ரிஸ்க்' பிரிவில் எழுத வேண்டும். ஆள் இல்லாமல் நிறுத்திய வண்டியிலிருந்து திருடு போனால் என்ன நிபந்தனை என்றும் கேளுங்கள். குடோன் சரக்கைக் குறைத்துக் காட்டினாலும் அடிதான். ரூ.10 லட்சம் சரக்கை ரூ.6 லட்சத்துக்கு எழுதியிருந்தால், அதே விகிதத்தில் ரூ.3 லட்சம் நஷ்டத்துக்கு ரூ.1.80 லட்சமே கைக்கு வரும்.

விபத்து நடந்ததும் பிளம்பர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "செலவை நான் பார்த்துக்கிறேன் சார்." நல்ல மனசுதான். ஆனால் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்பதும் பணம் கொடுப்பதும் பாலிசி நிபந்தனைக்கு விரோதம். அந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியே கோரிக்கையை நிராகரிக்கப் போதும். வால்வை மூடுங்கள், படம் எடுங்கள், அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், உடைந்த எல்போவைத் தூக்கிப் போடாதீர்கள். பூச்சுக்கு முன், லைன் வழக்கமாகத் தாங்க வேண்டிய நீர் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கில் லைனைச் சோதித்து, கேஜ் முள்ளும் தேதியும் தெரியும் படத்தில் வீட்டுக்காரர் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தால் வேலை சரியாகத்தான் நடந்தது என்று காட்டலாம். குழாய் ஒட்டும் சொல்யூஷன் காயக் குறைந்தது 24 மணி நேரம் விட்ட பிறகே சோதனை.

கோரிக்கையை நிறுவனம் தள்ளினால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனிநபர் உரிமை நிறுவனங்களுக்கும் குறுந்தொழில்களுக்கும் அங்கே கதவு திறந்திருக்கிறது, ரூ.50 லட்சம் வரை, கட்டணம் இல்லாமல். ஓராண்டுக்குள் போக வேண்டும்.

காப்பீட்டு சர்வேயர்,
திருச்சி.