எட்டுப் பழைய கணினிகளும் உபுண்டு வகைகளும்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சேது,

கடிதம் கிடைத்தது. தாராவி டியூஷன் சென்டருக்கு எட்டு டெஸ்க்டாப் தேறியது நல்ல சேதி. அத்தைக்கு முட்டிவலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

அந்தக் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் இலகு வகைகளில் எதைப் போடலாம், சுபுண்டுவா லுபுண்டுவா என்று கேட்டிருக்கிறாய். அதைவிட முதலில் பார்க்க வேண்டியது கெடு தேதி, அதாவது ஆதரவு முடியும் நாள். குபுண்டு, சுபுண்டு, லுபுண்டு, உபுண்டு மேட் எல்லாமே உபுண்டுவின் அதே களஞ்சியத்திலிருந்துதான் பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) எடுக்கின்றன. இயங்குதளத்தின் கருவான கெர்னல், மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் போன்ற அடித்தளத்தை, உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. மேலே இருக்கும் டெஸ்க்டாப், அதன் ஃபைல் மேனேஜர், செட்டிங்ஸ் இவைதான் தன்னார்வலர்கள் பொறுப்பு. அதனால் எல்லாவற்றிலும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு வெளியீடு) என்று போட்டிருந்தாலும் ஆயுசு வேறு வேறு. உபுண்டு 24.04-க்கு 5 வருஷம். சுபுண்டு, லுபுண்டு 24.04-க்கு 3 வருஷம்தான், 2027 ஏப்ரலோடு சரி. எல்டிஎஸ் அல்லாத வெளியீடுகளுக்கு எல்லோருக்கும் 9 மாதம். டியூஷன் சென்டருக்கு அந்தப் பக்கமே போகாதே.

இதில் வம்பு என்னவென்றால், கெடு முடிந்த பிறகும் அப்டேட் வந்துகொண்டுதான் இருக்கும். சுபுண்டு 22.04-இன் காலம் 2025 ஏப்ரலில் முடிந்தது. ஆனால் உபுண்டு 22.04-க்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்ததால் கெர்னல் திருத்தங்கள் நிற்கவில்லை. பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். டெஸ்க்டாப் பகுதியில் ஓட்டை வந்தால் அடைக்க ஆள் இருக்காது. டெர்மினலில் 'ப்ரோ செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பார், எத்தனை பேக்கேஜ் கனானிக்கல் பார்த்துக்கொள்ளும் மெயினில், எத்தனை தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்ளும் யூனிவர்ஸில் என்று பிரித்துக் காட்டும். கனானிக்கலின் சந்தா சேவையான உபுண்டு ப்ரோ போட்டால் யூனிவர்ஸுக்கும் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். ஆனால் இலவசமாகத் தருவது தனிநபருக்கு, அதுவும் 5 கணினிவரை. உன்னிடம் எட்டு. எனவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அடுத்த எல்டிஎஸ்-க்கு மாற்றிவிடுவதுதான் வழி. ஒரு வருஷம் அவகாசம் கையில் இருக்கும்.

என் யோசனை: 4 ஜிபி ராம் உள்ளவற்றில் சுபுண்டு, 2 ஜிபி உள்ளவற்றில் லுபுண்டு. லுபுண்டு 18.10-இலேயே எல்எக்ஸ்டிஇ டெஸ்க்டாப்பை விட்டு எல்எக்ஸ்க்யூடி-க்கு மாறிவிட்டது, பழைய குறிப்புகளைப் பார்த்துக் குழம்பாதே. 32 பிட் பிராசஸர் இருந்தால் அந்த மெஷினை ஒதுக்கிவிடு. உண்மையில் ராமைத் தின்பது பிரவுசர்தான். ஃபயர்ஃபாக்ஸ் இப்போது ஸ்னாப்பாக (தேவையானதை உள்ளடக்கிய தனிப் பொதியாக) வருவதால், பழைய ஹார்ட் டிஸ்கில் முதல் தடவை திறக்கும்போது உயிரை வாங்கும். லாமிங்டன் ரோட்டில் ஆளுக்கொரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போட்டாலே பாதிக் குறை தீரும்.

உபுண்டு போட்டுவிட்டு அதன்மேல் சுபுண்டு டெஸ்க்டாப்பை ஏற்றும் வேலை மட்டும் வேண்டாம். மெனுவில் எல்லாம் இரண்டிரண்டாக வரும். டெஸ்க்டாப்பின் பேக்கேஜ்களை மொத்தமாக இழுத்துவரும் மெட்டாபேக்கேஜை நீக்கினால் அது மட்டும்தான் போகும், இழுத்து வந்த கூட்டம் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஹோம் பார்ட்டிஷனை (சொந்த ஃபைல்கள் இருக்கும் பகுதியை) தனியாகப் பிரித்துப் புதிதாகவே போடு.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்றும் வசதி) இருக்கும் மெஷினில், வெளி டிரைவர் சேர்க்கும்போது பாஸ்வேர்ட் கேட்கும். ரீபூட்டில் நீலத்திரை வந்து எம்ஓகே-யை (அந்த டிரைவரை நம்பச் சொல்லும் சாவியை) சேர்க்கட்டுமா என்று கேட்கும். அங்கே அவசரப்பட்டு 'கன்டின்யூ' அழுத்தினால் டிரைவர் ஏறாது, வைஃபை வராது.

தமிழ்99 தட்டச்சு முறைக்கு கீபோர்டு செட்டிங்ஸில் இருக்கும் லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்காதே. அதில் விசைக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான். தட்டச்சு மென்பொருளான ஐபஸ், அதற்குத் தமிழ்99-ஐத் தரும் ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவி, இன்புட் மெத்தடாக ஐபஸைக் குறித்து, லாக் அவுட் செய்து திரும்ப வா. அ, ம, ம, ஆ என்று தட்டிப் பார். 'அம்மா' என்று முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுந்தால் சரியாக அமைந்தது என்று அர்த்தம். இது ஏனோ பலபேருக்குத் தெரிவதில்லை.

ஐஎஸ்ஓ-வை (நிறுவும் ஃபைலை) உபுண்டுவின் சிடிஇமேஜ் சர்வரிலிருந்தே எடு. 2025 அக்டோபரில் சுபுண்டு தளத்துக்குள் யாரோ புகுந்து, டோரண்ட் இணைப்பில் விண்டோஸ் வைரஸ் அடங்கிய ஜிப் ஃபைலை வைத்துவிட்டார்கள். சிடிஇமேஜில் இருந்த ஐஎஸ்ஓ-க்கள் தப்பின. இறக்கியதும் ஷா256 எண்ணை (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் எண்ணை) ஒப்பிட்டுவிட்டு, பிறகு பென்டிரைவில் எழுது.

எட்டில் எது எத்தனை ஜிபி, பிராசஸர் என்ன என்று அடுத்த கடிதத்தில் எழுது. எஸ்.பி. ரோட்டில் பழைய டிடிஆர்3 ராம் கிடைத்தால் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரகு