பரபக்கத்திலிருந்து தொடங்கு

பினாங்கு

அன்பு மகள் யாழினிக்கு,

கட்டமைப்புவாதம், செயல்வாதம், நடத்தைவாதம், கெஸ்டால்ட், உளப்பகுப்பாய்வு என்று உளவியல் வரலாற்றின் ஐந்து கட்சிகளையும் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்கிறாய், இரண்டே நாளில் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். கலக்கத்தான் செய்யும். வெறும் பெயரிலும் ஆண்டிலும் மனம் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் தம் கொள்கையை எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. பரபக்கத்தில் பிறர் கட்சிகளை ஒவ்வொன்றாக மறுத்துவிட்டுத்தான், தம் கட்சியைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறார். நீயும் அந்த வழியில் படி. ஒவ்வொரு கட்சியும் யாரை மறுத்தது, எதைக் கொண்டு அளந்தது, அந்த அளவுகோல் எங்கே உடைந்தது என்று கேள்.

முதல் சண்டை தத்துவத்துக்குள்ளேயே நடந்தது. மனம் வேறு, உடல் வேறு, இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் மூளையின் பினியல் சுரப்பி என்றார் டெக்கார்ட். சில எண்ணங்கள் பிறவியிலேயே நமக்குள் இருக்கின்றன என்பதும் அவர் கட்சி. லாக் அதை மறுத்தார்: மனம் எழுதாத வெள்ளைத்தாள், எழுதுவது அனுபவம். இவற்றைவிட நீ அடிக்கோடிட வேண்டியது கான்ட் 1786இல் சொன்னது. உள்ளத்தில் நடப்பதைக் கணிதத்துக்குள் கொண்டுவர முடியாது, ஆகவே உளவியல் முறையான இயற்கை அறிவியல் ஆகாது என்றார். அடுத்த நூறு ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி இந்த ஒரு தடையைத் தாண்டத்தான்.

முதலில் தாண்டியவர்கள் உடலியல்காரர்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் நரம்பில் அளந்தார். செய்தி நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. நினைத்த மாத்திரத்தில் எல்லாம் நடந்துவிடுவதில்லை, நேரம் பிடிக்கிறது. நேரம் பிடிப்பதை அளக்கலாம். வெபர் எடைகளைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். வித்தியாசம் தெரிய எத்தனை கிராம் கூட்டவேண்டும் என்பது நிலையான எண் இல்லை. கையில் இருக்கும் எடையில் ஏறக்குறைய 40இல் 1 பங்கு. ஃபெக்னர் இதைக் கணிதச் சூத்திரமாக்கி 1860இல் நூலாக வெளியிட்டார்: தூண்டல் பெருக்கலாக ஏறினால்தான் உணர்வு கூட்டலாக ஏறும்.

இதைப் படித்து நம்பாதே, செய்து பார். ஒரே மாதிரியான அரை லிட்டர் பாட்டில்கள் ஐந்து எடுத்துக்கொள். சமையல் தராசில் ஒன்றைத் தண்ணீரோடு சேர்த்து 400 கிராமாக்கு, மற்றவற்றை 405, 410, 415, 420. கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரே கையால், 400 கிராம் பாட்டிலையும் மற்றொன்றையும் அடுத்தடுத்துத் தூக்கி எது கனம் என்று சொல். ஒவ்வொரு ஜோடிக்கும் 20 முறை. 15 முறை சரியாக வரும் வித்தியாசம் எதுவோ, அதுவே உன் வாசல். 10 கிராம் பக்கத்தில் வரவேண்டும். பழகாத கைக்குக் கொஞ்சம் கூடலாம். பிறகு பெரிய பாட்டில்களில் 800 கிராமுக்கு, இடைவெளிகளையும் இரட்டித்துச் செய். கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில். தோழி எப்போதும் கனமானதையே இரண்டாவதாகக் கொடுப்பாள். காசு சுண்டி வரிசையை முடிவு செய்யச் சொல். கட்டு நழுவித் தண்ணீர் மட்டம் தெரிந்துவிடும். பாட்டில் அளவு மாறினால் எல்லாமே பாழ்: ஒரே எடையில் பெரியது இலேசாகவும் சிறியது கனமாகவும் படும்.

இதற்குப் பிறகுதான் 1879இல் லைப்சிக்கில் வுண்ட்டின் ஆய்வகம். ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன்: பல பாடக்குறிப்புகள் வுண்ட்டையும் டிச்சனரையும் ஒரே பெட்டியில் போடுகின்றன. அது சரியில்லை. மொழி, வழக்கம், சமயம் போன்ற உயர்ந்த செயல்களை ஆய்வகத்தில் பிடிக்க முடியாது என்று சொல்லி, அவற்றுக்காகவே பத்துத் தொகுதிகள் எழுதியவர் வுண்ட். மனத்தைத் தனிமங்களாகப் பிரித்தே தீரவேண்டும் என்ற கட்டமைப்புவாதம், அவரிடம் பயின்று அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போன டிச்சனருடையது. அவர் அளவுகோல் அகநோக்கு, அதாவது தன் மனத்தில் நடப்பதைத் தானே பார்த்துச் சொல்வது. கையில் மங்குஸ்தீனைக் கொடுத்தால் "மங்குஸ்தீன்" என்று சொல்வது பிழை. கருஊதா, வழவழப்பு, குளிர்ச்சி என்று உணர்வுகளை மட்டும் சொல்லவேண்டும். இப்படி 44,000க்கும் மேற்பட்ட உணர்வுக்கூறுகளை எண்ணினார். உடைந்தது எங்கே தெரியுமா? படிமமே, அதாவது மனக்காட்சியே, இல்லாத எண்ணம் உண்டு என்றது ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ஆய்வகம், கிடையாது என்றது கார்னெல். தன் மனத்தைத் தானே பார்த்துச் சொன்ன இருவரில் யார் சரி என்று மூன்றாமவர் தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

வில்லியம் ஜேம்ஸ் கேள்வியையே மாற்றினார். மனம் எதனால் ஆனது என்பதை விடு, எதற்குப் பயன்படுகிறது? டார்வினுக்குப் பிறகு பிறந்த கேள்வி இது, இதுவே செயல்வாதம். உணர்ச்சி பற்றி 1884இல் அவர் சொன்னதைப் படிக்கும்போது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நினைத்துக்கொள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டும் மெய்யில் தோன்றுபவை. ஜேம்ஸ் இன்னும் ஒரு படி போய், உடல் நடுங்குவதை உணர்வதே அச்சம் என்றார். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் இரண்டுக்கும் நடுவில் நின்று யோசித்தால் ஜேம்ஸ் மறக்கமாட்டார்.

வாட்சன் 1913இல் அகநோக்கையே தூக்கி எறிந்தார். வெளியில் தெரியும் நடத்தை மட்டும் போதும் என்றார், இதுவே நடத்தைவாதம். உணவோடு சேர்ந்து வந்த ஓசைக்கே எச்சில் ஊறப் பழகிய பாவ்லோவின் நாய்கள் கைகொடுத்தன; அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்கு என்பதைத் தேர்வில் மாற்றி எழுதிவிடாதே. இந்தக் கட்சியை உள்ளிருந்தே அசைத்தவர் டோல்மன். 1930இல் அவரும் ஹான்சிக்கும் பத்து நாள் எலிகளை உணவு வைக்காத புதிர்வழியில் திரியவிட்டு, 11ஆம் நாள் உணவு வைத்தார்கள். மறுநாளே அவை, தொடக்கத்திலிருந்து உணவு பெற்ற எலிகளை எட்டிவிட்டன. பரிசில்லாமலும் உள்ளே ஏதோ பதிந்திருக்கிறது.

துண்டுகளைக் கூட்டினால் முழுமை வந்துவிடாது என்பது கெஸ்டால்ட் கட்சி. அதற்கு உதாரணம் தைப்பூசத்தில் இருக்கிறது. தண்ணீர்மலை சாலையில் தண்ணீர்ப்பந்தல்களின் ஓடும் விளக்குகளைப் பார். ஒரு பல்பும் நகர்வதில்லை, எரிந்து அணைகிறது; ஆனால் வெளிச்சம் ஓடுகிறது. வெர்ட்ஹைமர் 1912இல் வெளியிட்டது இதைத்தான். இரண்டு கோடுகளுக்கு இடையே நொடியில் ஆயிரத்தில் 60 பங்கு இடைவெளி விட்டால் ஒரே கோடு நகர்கிறது. 200 பங்கு என்றால் ஒன்றன்பின் ஒன்று. 30 என்றால் இரண்டும் ஒன்றாக. அந்த ஓட்டம் எந்தத் தனிமத்திலும் இல்லை. டிச்சனரின் கணக்கு இங்கே நிற்காது.

உளப்பகுப்பாய்வின் ஃபிராய்டைத் தனித் தாளில் எழுது. அவர் ஆய்வகத்துக்குப் பதில் சொல்ல வந்தவர் இல்லை. வியன்னாவில் நோயாளிகளின் பேச்சிலிருந்து கட்டியவர்.

கிளைகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். வளர்ச்சி, சமூகம், அறிதிறன், தொழில் எல்லாம் பட்டப்படிப்பில் தானே வரும். பெயர்ப்பலகை மட்டும் கவனம். நம் மலேசியாவில் கவுன்சலர் என்று போட்டுக்கொள்ள 1998ஆம் ஆண்டுச் சட்டம் 580இன் கீழ்ப் பதிவு வேண்டும். கிளினிக்கல் உளவியலாளர் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 774க்குள் வருகிறார், அதற்கு முதுகலை தேவை. மருந்து எழுதும் மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் வழியாகப் போனவர். உளவியல் இளங்கலை மட்டும் முடித்ததும் இந்த மூன்றில் ஒன்றும் ஆகிவிட முடியாது.

400 கிராம் எண்ணும் 800 கிராம் எண்ணும் கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. இரண்டாவது முதலாவதைப்போல் ஏறக்குறைய இரட்டிப்பாக வராவிட்டால், 20 முறையும் எந்த வரிசையில் தூக்கினாய் என்பதையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா