வீட்டுச் சம்ப்பில் (தரையடித் தண்ணீர்த் தொட்டியில்) இருந்து அழுக்குத் தண்ணீர் குடிநீர் லைனுக்குள் திரும்புவதைத் தடுக்கக் கோரிக்கை மனு

அனுப்புநர்: தெருவாசிகள், வேளச்சேரி, சென்னை.

பெறுநர்: பகுதிப் பொறியாளர் அவர்கள், குடிநீர் வழங்கல் பிரிவு, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் தெருவில் தண்ணீர் விடும் நேரம் முடிந்ததும் லைன் குழாயைத் திறந்து உள்ளங்கையை வைத்தால், கையை உள்ளே இழுப்பது நன்றாகவே தெரிகிறது. லைனில் அழுத்தம் போன பிறகும் கீழ்க்கோடியில் யாரோ லைனிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். அந்த நேரத்தில் மற்ற வீடுகளில் குழாயின் முனை எதில் முங்கிக் கிடக்கிறதோ, அது சம்ப்போ, அழுக்குத் துணி ஊறும் பக்கெட்டில் போட்ட ஹோஸோ, அந்தத் தண்ணீர்தான் லைனுக்குள் ஏறி அடுத்த வீட்டுக் குடத்துக்கு வருகிறது. லைனில் ஒரு விரிசல்கூட இல்லாமலே இப்படி நடக்கும்.

இங்கே பெரும்பாலான சம்ப்புகளில் உள்ளே வரும் பைப்பை அடிவரை இறக்கிவிட்டிருக்கிறார்கள், தண்ணீர் விழும் சத்தம் கேட்கக் கூடாதாம். அதை வெட்டி, சம்ப்பில் தண்ணீர் நிற்கக்கூடிய உச்ச மட்டத்துக்கு மேல் பைப் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது, குறைந்தது ஒரு அங்குலம், இடைவெளி விட்டாலே போதும், திரும்ப இழுக்க அங்கே காற்றுதான் இருக்கும். ஆனால் 2015, 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி தெருத் தண்ணீர் ஏறி சம்ப்பே முழுகிவிட்டால் இந்த இடைவெளி உதவாது. அதனால் சம்ப்பின் வாயைத் தெரு மட்டத்துக்கு மேல் உயர்த்தவும், இணைப்பு தொடங்கும் இடத்தில் தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போடவும் உத்தரவிட வேண்டுகிறோம். வால்வை மட்டும் நம்பவும் முடியாது, மணல் சிக்கினால் மூடி சரியாக உட்காராது, வருடத்துக்கு ஒரு முறையாவது கழற்றிக் கழுவ வேண்டும்.

அப்புறம், போர்வெல் பைப்பையும் குடிநீர் பைப்பையும் ஒரே ஒரு கேட் வால்வை நடுவில் வைத்து இணைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அந்த வால்வு தேய்ந்தாலோ, மூட மறந்தாலோ, போர் மோட்டாரின் அழுத்தம் அந்தத் தண்ணீரைத் தெரு லைனுக்கே தள்ளிவிடும். இதைத் துண்டிக்காமல் மற்றதைச் செய்து பயனில்லை. 1933இல் சிகாகோவில் இரண்டு ஓட்டல்களுக்குள் இருந்த பழுதான குழாய் இணைப்புகளால் கழிவுநீர் குடிநீரில் கலந்து, அமீபா சீதபேதியில் 98 பேர் இறந்தார்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதாவது அக்டோபருக்குள், வீடு வீடாக ஆய்வு செய்து லைனில் நேரடியாக மாட்டிய மோட்டார்களைக் கழற்ற வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீரில் உள்ள குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப் வைத்துப் பார்த்து, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சுகிறதா என்று எங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். வால்வு, பிளம்பர் கூலி எல்லாம் நாங்களே கொடுத்துவிடுகிறோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் மோட்டாரைக் கழற்றுங்கள் என்று சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை, அதற்குத் தாங்கள்தான் வர வேண்டும்.

இப்படிக்கு,
தெருவாசிகள்