ஒளிபரப்பாகாத சனிக்கிழமைகள்

ஆல்பனி அருகே,
நியூயார்க் மாநிலம்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நான், உங்கள் மாப்பிள்ளை, குழந்தைகள் எல்லோரும் நலம். அய்யன் மூட்டுவலி தணிந்து, காலையில் சென்னிமலை அடிவாரம் வரை நடந்து போய் வருகிறார் என்று நங்கை சொன்னார்கள். கேட்க நிம்மதியாக இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் எனக்கு எப்படிப் பொழுது போகிறது என்று நீங்கள் போனில் கேட்டபோது, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டேன். அதற்குரிய பதில் நீளமானது, நீங்களே விரும்பிக் கேட்கக்கூடியதும்கூட. ஆதலால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே டிசம்பர் பிறந்தால் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. அதன் பிறகு தெருவில் ஆள் நடமாட்டம் இராது. வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை நிறுத்தி நலம் விசாரிக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு இந்தக் குளிர் இடம் கொடுப்பதில்லை. வந்த புதிதில் அது என்னை மிகவும் வாட்டியது. பிறகுதான் ஊர்ப் பொது நூலகம் பழக்கமாயிற்று. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தாலும் அங்கே விளக்கு எரியும். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கலாம், கட்டணம் கிடையாது. பழைய தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேசுவதற்கென்று மாதம் ஒரு முறை அங்கே ஒரு சிறு கூட்டம் கூடுகிறது. ஓய்வுபெற்ற டி.வி. மெக்கானிக் ஒருவர், மருத்துவமனையில் நர்சாக இருக்கும் ஓர் அம்மா, கானா நாட்டிலிருந்து வந்து இங்கே பஸ் ஓட்டும் ஒருவர், கல்லூரி மாணவிகள் சிலர், அவர்களோடு நான். இந்தக் குளிர்காலத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது, ஒரு எபிசோடுகூட எடுக்கப்படாத, ஒரு நாள்கூட ஒளிபரப்பாகாத ‘ஸ்டார் டிரெக்: ஃபேஸ் டூ’ என்னும் விண்வெளிக் கப்பல் தொடர்.

தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஸ்டார் டிரெக் ஓடும்போது, ஆங்கிலம் பிடிபடாத எனக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கதை சொல்லிக்கொண்டே வருவீர்கள் அல்லவா, அந்தத் தொடர் அமெரிக்காவில் 1966 செப்டம்பரில் தொடங்கி, 79 எபிசோடுகளோடு 1969 ஜூனில் நிறுத்தப்பட்டது. மறுஒளிபரப்பில்தான் அதற்குப் பெருங்கூட்டம் சேர்ந்தது. 1976இல் நாசா தன் முதல் விண்வெளி ஓடத்துக்கு, அந்தத் தொடரில் வரும் கப்பலின் பெயரான என்டர்பிரைஸ் என்று பெயரிட்டது, ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்கு எழுதிக் குவித்த கடிதங்களால்தான். (விண்ணுக்குப் போகாமல், காற்றில் மிதந்து தரையிறங்குவது போன்ற சோதனைகளுக்கு மட்டுமே பயன்பட்ட அந்த ஓடம் இப்போது நியூயார்க் நகரில், ஹட்சன் ஆற்றில் அருங்காட்சியகமாக நிற்கும் இன்ட்ரெபிட் என்ற பழைய போர்க்கப்பலில் இருக்கிறது. நீங்களும் நங்கையும் வரும்போது உங்களை முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன்.)

இந்த ஆர்வத்தைக் கண்ட பாரமவுண்ட் நிறுவனம், என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. ஆகிய மூன்றே தொலைக்காட்சி வலையமைப்புகள் நாட்டை ஆண்டுகொண்டிருந்த 1977இல், நான்காவதாகத் தானே ஒன்றைத் தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் சனிக்கிழமை இரவுகளில் புதிய ஸ்டார் டிரெக்கை அதன் முதன்மை நிகழ்ச்சியாக்கத் திட்டமிட்டது. பழைய தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் பொறுப்பில் 13 எபிசோடுகளுக்கு ஏற்பாடாகிக் கதைகள் வாங்கப்பட்டன. கப்பலின் உள்ளரங்குகள் எழுந்தன. உடைக்கும் ஒப்பனைக்கும் சோதனைப் படப்பிடிப்புகள்கூட நடந்தன. விளம்பரதாரர்கள் போதிய அளவு முன்வராததால் வலையமைப்புத் திட்டம் கைவிடப்பட்டது. அதே 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் வசூல் நிறுவனத்தின் கவனத்தைத் திரையரங்கின் பக்கம் திருப்பியது. முதல் எபிசோடுக்கென்று எழுதப்பட்ட ‘இன் தை இமேஜ்’ என்ற கதை, ராபர்ட் வைஸ் இயக்கத்தில் 1979 டிசம்பர் 7 அன்று பெரும் பொருட்செலவில் திரைப்படமாக வெளிவந்தது. தறிக்காரர் வீட்டில் பிறந்த நமக்கு இது புரியும்: பாவு ஓட்டி, அச்சுப் பிணைத்து, ஊடை போடப்போகும் நேரத்தில் வேறொரு சரக்குக்கு ஆர்டர் வந்து, ஏற்றிய பாவிலேயே அதை நெய்து கொடுத்தது போன்ற கதை.

எங்கள் கூட்டத்தின் முறை இதுதான். ஆளுக்கு ஓர் எபிசோடை எடுத்துக்கொண்டு, கிடைப்பவற்றை எல்லாம் படித்துவிட்டு, 1978இல் ஒரு சனிக்கிழமை இரவு அதைப் பார்த்தவராகவே பேச வேண்டும். கையெழுத்துப் படிகளில் சிலவும் கதைச் சுருக்கங்களும் 1997இல் ஒரு நூலாகவே வந்திருப்பதால், மனம்போன போக்கில் கற்பனை செய்வதற்கு இங்கே அனுமதி இல்லை. எழுத்தில் இல்லாத காட்சியைச் சொன்னால் நர்ஸ் அம்மா உடனே நிறுத்திவிடுவார். புதிய வலையமைப்பு நம்பியிருந்த தனி நிலையங்களில் பல, மலை குறுக்கிட்டால் மங்கிவிடும் யு.எச்.எஃப். அலைவரிசையில் இயங்கியவை என்பதால், மலைகளுக்கு நடுவிலுள்ள இந்த ஊரில் படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது என்றும், தன் தம்பியைக் கூரைமேல் ஏற்றி ஆன்டெனாவைத் திருப்பச் சொன்னதாகவும் மெக்கானிக் பெரியவர் முதல் கூட்டத்திலேயே விவரித்தபோது, நடக்காத ஒன்றுக்கு நானும் அவரோடு சேர்ந்து தவித்தேன்.

நான் எடுத்துக்கொண்டது எபிசோடு அன்று, ஒரு பாத்திரம். கப்பலின் போக்கைக் கணித்து வழிநடத்தும் அதிகாரியாக, டெல்டா என்ற கிரகத்திலிருந்து வரும் ஐலியா. தலையில் முடியே இல்லாத பெண். அந்த வேடத்துக்கு 1977இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்து 1965இல் மிஸ் இந்தியா பட்டம் பெற்ற பெர்சிஸ் கம்பாட்டா. பிறகு திரைப்படத்துக்காக அவர் உண்மையாகவே தலையை மழித்துக்கொண்டார். அதை இங்குள்ளவர்கள் இன்றும் பெரிய தியாகமாகப் பேசுகிறார்கள். பழனியில் முடியிறக்கிவிட்டுச் சந்தனம் பூசிய தலையோடு பஸ் ஏறி ஊர் திரும்பும் பெண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தத் தலை விசித்திரமாகத் தெரியவில்லை. நேர்ந்துகொண்டதை முடித்துவிட்டு வந்தவளின் நிமிர்வுதான் தெரிந்தது.

ஆனால் அந்தத் திரைப்படத்தில் ஐலியா சிறிது நேரமே வாழ்கிறாள். ராட்சத மேகத்துக்குள் இருக்கும் இயந்திரம் அவளைக் கவர்ந்துகொள்கிறது. அதன் பிறகு அவள் உருவத்தில் வருவது அந்த இயந்திரம் அனுப்பிய கருவி. ஆகவே பெர்சிஸ் நடித்ததில் பெரும்பகுதி, உணர்ச்சியற்ற குரலில் கட்டளையிடும் ஒரு பொறியின் வேடம். மேகத்தின் நடுவே இருப்பது மனிதர்கள் அனுப்பிய வாயேஜர் விண்கலம் என்று கடைசியில் தெரியவரும் இடம் எனக்கும் பிடித்தமானதுதான். (உண்மையான வாயேஜர்கள் இரண்டும் இந்தத் தொடருக்கு ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்த அதே 1977இல்தான் புறப்பட்டன.) எனினும் வாராவாரம் வந்திருக்க வேண்டிய ஒருத்தியை, இரண்டு மணி நேரப் படத்தின் தேவைக்காக அவர்கள் செலவழித்துவிட்டார்கள் என்பதே என் கட்சி. தொடர் ஒன்றில் ஒரு மனுஷிக்குக் கிடைக்கும் காலம் வேறு. அவள் ஒரு வாரம் கணக்கில் தவறலாம், மறுவாரம் கப்பலை ஓட்டும் சூலுவோடு சண்டையிடலாம், ஓர் இரவு முழுவதும் கப்பலைத் தனியே ஏற்று நடத்தலாம், இன்னொரு வாரம் கதையில் அவளுக்கு வேலையே இல்லாமல் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு ஒரு முகம் பழகுவது அப்படித்தான்.

இதை நான் கூட்டத்தில் சொன்னபோது கானாக்காரர் என் பக்கம் நின்றார். பழைய தொடரில் உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ், 1977இல் பெண்களையும் வெள்ளையர் அல்லாதவர்களையும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நாசாவுக்காக ஊர் ஊராகச் சென்று பேசினார். 1978 ஜனவரியில் தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள். திரையில் பழகிய ஒரு முகம் அழைத்ததால் எத்தனை பேர் துணிந்து விண்ணப்பித்திருப்பார்கள் என்று அவர் கேட்டார். இங்கே கடையில் நான் ஒரு பொருளைக் கேட்டால், பல நேரங்களில் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கிறது. யாரும் மரியாதைக்குறைவாக நடப்பதில்லை. என் குரலின் ஓசைக்கு அவர்கள் காது பழகவில்லை, அவ்வளவுதான். நம் நாட்டுப் பெண்ணின் குரல் சனிக்கிழமைதோறும் கப்பலின் திசையையும் வேகத்தையும் சொல்லக் கேட்டு ஒரு தலைமுறை வளர்ந்திருந்தால் அந்தக் காது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்காத வாரமில்லை. பெர்சிஸ் 1998இல் மும்பையில் காலமானார். அவர் பெயரைச் சொன்னவுடன் அறிந்துகொள்பவர்கள் இங்கே மிகச் சிலர்.

மற்ற கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘கிட்டும்பா’. பகைவர்களான கிளிங்கான்களின் தாய்க்கிரகத்துக்கே கப்பல் தலைவர் கிர்க்கின் குழுவினர் சென்று, அங்குள்ள இளம் அரசனைக் கண்டு, போரைத் தடுக்க முயலும் இரண்டு பகுதிக் கதை. எதிரிக்கு வீடும் முறைமையும் மதிப்பும் உண்டு என்று 1978இலேயே காட்டத் துணிந்த எழுத்து அது. பிற்காலத் தொடரில் அந்தக் கிரகம் திரைக்கு வருவதற்கு 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘தி சைல்ட்’ என்ற கதையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஐலியாவின் சம்மதமில்லாமலேயே ஓர் ஒளியுருவம் அவளைக் கருவுறச் செய்கிறது. அதன் கொடுமையைக் கதை ஒரு வியப்பாகவே கடந்துவிடுகிறது. 1988இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பழைய காகிதக் கட்டுகளிலிருந்து அதை எடுத்து, டிராய் என்ற வேறொரு பாத்திரத்துக்கு மாற்றிப் படமாக்கினார்கள். குறை அங்கேயும் தீரவில்லை. பழைய தொடரில் வரும், வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்து ஸ்பாக் இல்லாத குறைக்கு டேவிட் கோட்ரோ நடிக்கவிருந்த ஸான் என்ற இளம் வல்கன் ஈடாகியிருப்பானா என்று மாணவிகள் ஒரு மாலை முழுவதும் விவாதித்தார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை.

இலையுதிர் காலத்தில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வடக்கே டைகாண்டரோகா என்ற சிற்றூருக்குப் போனோம். பழைய கப்பலின் அரங்குகளை ரசிகர்கள் அங்குலம் பிசகாமல் மறுபடி கட்டி, பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். ‘தி சைல்ட்’, ‘கிட்டும்பா’ இரண்டையும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சம்பளம் வாங்காமல் தாங்களே நடித்துப் படமாக்கியதும் அந்த வட்டத்தினர்தான். பலகையும் வண்ணமும் விளக்கும் கொண்டு கட்டிய அந்தக் கூடத்தில், கப்பலின் போக்கைக் கணிப்பவர் உட்காரும் இடத்தின் எதிரே நான் வெகுநேரம் நின்றேன். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு அமெரிக்கர்கள் வந்து, யானைகளுக்கு முடி ஒட்டி, அழிந்துபோன பெருயானைகளாக்கி 1952இல் ஒரு விஞ்ஞானக் கதைப் படமே எடுத்தார்கள் என்று அங்கிருந்தவரிடம் சொன்னேன். அவர் காகிதம் எடுத்துக் குறித்துக்கொண்டார்.

நர்ஸ் அம்மாவின் வாதத்தையும் சொல்ல வேண்டும். தொடர் வந்திருந்தால் பலவீனமான நிலையங்களில் ஓடி 13 வாரத்தில் முடிந்திருக்கும், 1979 திரைப்படமும் 1987இல் தொடங்கிய அடுத்த தொடரும் பிறந்தே இராது என்கிறார். பாரமவுண்ட் மற்றொரு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய வலையமைப்பு 1995இல் மீண்டும் ஒரு ஸ்டார் டிரெக் தொடரோடுதான் தொடங்கியது என்பதையும், அது நெடுங்காலம் நிலைக்கவில்லை என்பதையும் சான்றாகக் காட்டுகிறார். அவர் சொல்வது நடக்கக்கூடியதே. அப்படியே ஆகியிருந்தாலும் 13 வாரமாவது ஐலியா அந்த நாற்காலியில் இருந்திருப்பாள் என்பதே என் பதில். அதை நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரும் பழையதைப் போலவே 1980களில் தூர்தர்ஷனுக்கு வந்தது என்று வைத்துக்கொண்டு, சென்னிமலையில் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்லும்படி கூட்டத்தார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதை என்னைவிட நீங்கள்தான் நன்றாக எழுத முடியும். ஐலியா முதன்முதலாகக் கப்பலில் ஏறியபோது ஆத்தா என்ன சொன்னார், பக்கத்து வீட்டுத் தறிக்காரர்கள் என்ன கேட்டார்கள், நீங்கள் எனக்கு எந்த இடத்தை எப்படி விளக்கினீர்கள் என்று இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் தமிழிலேயே எழுதுங்கள். நான் ஆங்கிலமாக்கிப் படிக்கிறேன். ‘கிட்டும்பா’வின் கதைச் சுருக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பங்குனிக் கூட்டத்துக்குள் உங்கள் கடிதம் வந்து சேர வேண்டும். அய்யனுக்கும் அம்மாவுக்கும் நங்கைக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் தங்கை